நம் தெரு அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

மண்டல பூஜை நல்லபடியாக முடிந்தது. யாகசாலைப் பந்தல் பிரித்தாயிற்று. ஸ்தபதிக்கும் கொத்தனார், சித்தாள்களுக்கும் பாக்கி இல்லை. வரவு செலவுக் கணக்கை இனவாரியாகக் கோயில் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பில்களும் ரசீது அடிக்கட்டைகளும் பெட்டியில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து புரட்டலாம். அதனால் அந்தத் தொகைகளை இங்கே மறுபடி அடுக்கவில்லை. வேலை தொடங்கியதிலிருந்து குழுவின் காதில் அதிகம் விழுந்த கேள்வி "எவ்வளவு ஆச்சு?" என்பதல்ல, "இதை யார் முடிவு பண்ணாங்க?" என்பதுதான். அதற்கான பதில் பலகையில் அடங்காது என்பதால் இந்த அறிக்கை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. நம் தண்டையார்பேட்டைத் தெருவுக்கு வந்தது சாக்கடை கலந்த மழைத்தண்ணீர். அம்மன் முழங்கால் தண்ணீரில் நின்றாள். முன்பெல்லாம் இந்தக் கோயிலுக்கு மூன்று படி ஏறிப் போனோம். ஒவ்வொரு முறை சாலை போட வந்தவர்களும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே கொட்டிவிட்டுப் போக, மூன்று படியும் தாருக்கு அடியில் போய்விட்டன. கடைசியில் வாசலில் ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. புயல் இல்லாத சாதாரண மழைக்கே தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது அதனால்தான்.

கோயிலை உயர்த்துவது பற்றிப் பேசக் கூடிய தை மாதப் பொதுக்கூட்டத்தில் முதல் தகராறு செலவைப் பற்றி வரவில்லை. யாருக்கு வாக்கு என்பதில் வந்தது. பழைய நோட்டின்படி, கோயில் வரி கட்டும் தலைக்கட்டு என்றால் சொந்த வீடு உள்ள, கல்யாணமான ஆண். கணவனை இழந்தவர்களுக்கு அரை வரி. அரை வரி கொடுத்ததாலேயே கூட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை என்று எப்படியோ ஆகிவிட்டது. வாடகைக்கு இருப்பவர்களிடம் வரி என்று கேட்க மாட்டோம், நன்கொடை என்று சொல்லி வாங்கிக்கொள்வோம். பணம் ஒன்றுதான், பெயர் வேறு. இன்றைக்கு நம் தெருவில் மாடிக்கு மேல் மாடி, போர்ஷனுக்குள் போர்ஷன். சொந்த வீட்டுக்காரர்களில் பலர் மாதவரம், செங்குன்றம் என்று போய்விட்டு வாடகை வாங்க மட்டும் வருகிறார்கள். தெருவில் படுத்து எழுந்திருப்பவர்கள் குடித்தனக்காரர்கள். இவர்களை வெளியே நிற்க வைத்துவிட்டுத் தெருக்கோயில் என்று சொல்ல முடியுமா என்று ஒரு தரப்பு கேட்டது. இன்றைக்கு இருந்து நாளைக்குக் காலி பண்ணிப் போகிறவர்களுக்கு எதற்கு உரிமை என்று இன்னொரு தரப்பு.

பின் வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து கேட்டது மினிட்ஸ் நோட்டில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: "ஆடிக்குக் கூழ் ஊத்த கேவுரு அரைக்கிறது நாங்க. தண்ணி வந்தப்போ அம்மனைத் தொடைச்சு விட்டது நாங்க. கை தூக்கறதுக்கு மட்டும் செங்குன்றத்துலருந்து அவரு வரணுமா?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் தீர்மானம் இப்படி நிறைவேறியது. தெருவில் ஆறு மாதமாகக் குடியிருக்கும், 18 வயது நிறைந்த எவருக்கும் ஒரு வாக்கு. வரி வீட்டுக்கு 2,000 ரூபாய், தவணையில் தரலாம். வரி பாக்கி இருந்தாலும் வாக்கு உண்டு. இந்தக் கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. "பணம் கட்டாதவன் பேச்சு எதுக்கு?" என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் முனிசிபல் தேர்தலில் அப்படித்தான் வரி கட்டியவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்தது. இன்றைக்கு மாநகராட்சித் தேர்தலில் சொத்து வரி ரசீதைக் காட்டியா ஓட்டுப் போடுகிறோம்? இதைச் சொன்ன பிறகு கைகள் கூடுதலாக உயர்ந்தன. பாக்கி வைத்திருந்த வீடுகளில் பெரும்பாலானவை கும்பாபிஷேகத்துக்குள் கட்டிவிட்டன என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அண்ணன் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி உணர்ச்சியாகப் பேசினார். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே நமக்குக் குடவோலை இருந்ததாம். இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. நம் தெருவில் ஒருவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் ஏறியிருக்காது. குழுவுக்கு அதில் பிடித்தது வேறொரு விதி. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது. இதை நம் விதிமுறையில் அப்படியே சேர்த்துவிட்டோம்.

இனி வேலை. கருவறையை ஜாக்கி வைத்துத் தூக்குவதா, பிரித்துவிட்டு உயர்த்திக் கட்டுவதா என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டையே ஜாக்கியில் தூக்கியதைப் பார்த்தவர்கள் அதையே கேட்டார்கள், செலவும் குறைவு. ஸ்தபதி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, செங்கல் உப்புப் பூத்துப்போயிருக்கிறது, தூக்கினால் விமானத்துச் சுதை பிளந்துவிடும் என்றார். வீடு தூக்கும் ஆட்களையும் அழைத்து, இருவரையும் ஒரே கூட்டத்தில் பேசச் சொன்னோம். கேள்வி கேட்டது கட்டட வேலை தெரிந்த நம் தெருவார்தான், குழு வாயைத் திறக்கவில்லை. சீட்டுப் போட்டதில் உயர்த்திக் கட்டுவது ஜெயித்தது. ஜாக்கி பக்கம் நின்றவர்களே பிறகு சிமென்ட் இறக்க முதல் ஆளாக வந்தார்கள். பாலாலயம் செய்து அம்மனை எதிர் வீட்டுத் திண்ணைக்கு மாற்றி, புது அதிட்டானத்துக்கு, அதாவது அடிப்பீடத்துக்கு, கருங்கல் வைத்து, பழைய அளவிலேயே கருவறை எழுப்பி, விமானத்துச் சுதையும் வர்ணமும் செய்து முடித்தோம். பெரிய செலவு எதற்கும் மூன்று கொட்டேஷன் வாங்கினோம். செக்கில் மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் குடித்தனக்காரர். கொள்முதலில் வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மண்டபத்தைப் பற்றித்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். முன்மண்டபத்தை இரண்டடி தெருப் பக்கம் நீட்ட வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். ஆடி வெள்ளிக்கு வெயிலில் நிற்க வேண்டாம், நல்ல எண்ணம்தான். வாக்கெடுப்பு வைத்தால் நிச்சயம் நிறைவேறியிருக்கும். குழு அதை வாக்கெடுப்புக்கே விடவில்லை. "எல்லாத்துக்கும் ஓட்டுன்னு சொன்னீங்களே, இதுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டவர்களின் கோபம் நியாயமானது, ஆகவே காரணத்தை எழுத்தில் தருகிறோம். பொதுத் தெருவிலும் பூங்காவிலும் புதிதாக வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அது ஒரு பக்கம். அந்த இரண்டடியில் ஆட்டோ திரும்புகிறது, தண்ணீர் லாரி நிற்கிறது, நாளைக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும். கோயில் நம் தெருவாருடையது, தெரு ஊராருடையது. நமக்குச் சொந்தமில்லாத இடத்தை நமக்குள் கை தூக்கி எடுத்துக்கொள்ள முடியாது. குழுவில் இரண்டு பேர் இதை ஏற்காமல் விலகினார்கள். அவர்கள் சொன்ன காரணமும் நோட்டில் அவர்கள் கையெழுத்தோடு இருக்கிறது, கிழிக்கவில்லை. வெயிலுக்கு இப்போது மடக்கு ஷெட் போட்டிருக்கிறோம். பூஜை முடிந்ததும் சுருட்டிவிடலாம்.

கோயிலை எவ்வளவு உயர்த்தினாலும் அடுத்த முறை சாலை போடும்போது மறுபடி தார் ஏறினால் திருப்பணிக்கு அர்த்தமில்லை. இந்த விஷயத்துக்குத் தனிக் கூட்டம் போட்டோம். கோயிலுக்கு வராத வீடுகளுக்கும் அதே தெருதான் என்பதால் இடத்தை ரேஷன் கடை வாசலுக்கு மாற்றினோம். மாதா படம் மாட்டிய வீட்டாரும் வந்தார்கள், கோழிக்கடை பாயும் வந்தார். முதலில் மாநகராட்சியின் 1913க்கு போன் செய்தோம். புகார் எண் கிடைத்தது. பிறகு மனு எழுதி எல்லா வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி கவுன்சிலரிடம் கொடுத்தோம்.

இளையவர்களுக்காக ஒன்று. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னை மாநகராட்சியில் ஒரு கவுன்சிலரும் கிடையாது. 200 வார்டுகளும் அதிகாரிகள் கையில் இருந்தன. அந்த வருடங்களில் மழைநீர் வடிகால் அடைத்தால் யாரிடம் போவது என்றே தெரியாமல் அலைந்தோம். கவுன்சிலர் நம் வேலையை முடித்துத் தருகிறாரோ இல்லையோ, நிறுத்தி வைத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே பெரிது. 2022 மார்ச்சில் மேயரானவர் நம் வடசென்னைப் பெண், திரு.வி.க. நகர்ப் பகுதியின் 74ஆவது வார்டு கவுன்சிலர். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகும் தெருக்கோயில் கூட்டத்தில் பெண்கள் பின் வரிசையில் நின்றுகொண்டிருந்தால் நமக்கே அசிங்கம்.

வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டத்துக்கும் நம் தெருவிலிருந்து ஒரு கூட்டமாகப் போனோம். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர், "எங்க ஊர்ல கிராம சபை வருஷத்துக்கு ஆறு வாட்டி நடக்கும், இங்க இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. நகரத்தில் வார்டு குழு, பகுதி சபை இரண்டும் நடைமுறைக்கு வந்தது 2022இல்தான். பகுதி சபைப் பிரதிநிதியும் நியமனம்தான், நாம் தேர்ந்தெடுப்பதில்லை. குறை சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆனால் அங்கே போய்ச் சொன்னது பதிவாகிறது, அடுத்த கூட்டத்தில் "போன வாட்டி சொன்னது என்ன ஆச்சு?" என்று கேட்க முடிகிறது. நாங்கள் கேட்டோம்.

போன மாதம் சாலை போட வந்தபோது பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட்டார்கள். அதற்கு முன்பே கோயில் மதிலில் பழைய மட்டத்தைச் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு வைத்திருந்தோம். இரவு வேலை நடந்தபோது முறை வைத்து ஆட்கள் நின்றார்கள், மாதா வீட்டுப் பையன்கள் உட்பட. கோடு இன்னும் இருக்கிறது, வெள்ளையடிக்கும்போது யாரும் அழித்துவிட வேண்டாம்.

நம் கோயிலில் வைக்கும் உபயக் கல்வெட்டு விஷயம் சுருக்கமாக. டியூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற வழக்கம் நமக்கும் இருந்தது. இந்த முறை ஒரே பளிங்குக் கல், அதில் 'தெருவார் உபயம்' என்று மட்டும். கும்பாபிஷேக பிளெக்ஸில் அம்மனைத் தவிர வேறு யார் படமும் இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள், சமமாக வருத்தப்பட்டதால் பிரச்சினை வரவில்லை. பரிவட்டம் யாருக்கு என்பதற்குச் சீட்டுப் போட்டுக் குடத்தைக் குலுக்கி ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னோம். உத்திரமேரூரிலும் ஓலையை எடுத்தது ஒரு சிறுவன்தான், அந்த அண்ணனுக்கு அதில் திருப்தி. இஸ்திரி போடும் அண்ணாச்சி பெயர் வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து கட்டிக்கொண்டார்.

இனி ஆக வேண்டியவை. மிச்சத் தொகை வங்கியில் இருக்கிறது. அதை அன்னதானத்துக்கு வைப்பதா, தெருமுனை வடிகால் மூடி உடைந்ததற்குச் செலவழிப்பதா என்று பேச்சு ஓடுகிறது. வடிகால் மூடி மாநகராட்சி வேலை, கோயில் பணத்தில் போடக் கூடாது என்பது குழுவின் எண்ணம். முடிவு உங்களுடையது. திருப்பணிக் குழு இந்த அறிக்கையோடு கலைகிறது. கோயில் சாவி, உண்டியல் சாவி, கணக்கு நோட்டு மூன்றையும் புது நிர்வாகிகளிடம் அடுத்த பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒப்படைப்போம். இந்த முறை தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் குடித்தனக்காரப் பெண். ரசீதைத் தொலைத்தவர்கள் அதற்கு முன் வந்து அடிக்கட்டையில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்