கொடுத்தவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ட்ரொண்ட்ஹெய்ம் சர்வதேச மாணவர் விழாவை இனி நடத்தப்போகும் மாணவர்களுக்கு,

வணக்கம். 2015 பிப்ரவரியில் நார்வேயில் உள்ள உங்கள் ஊருக்கு வந்துபோன நூற்றுக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். 1990 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாணவர்களே கூடி நடத்தும் விழா அது. அந்த முறை எடுத்துக்கொண்ட பொருள் ஊழல். இப்போது என் அக்கா மகள் உங்களுக்கு விண்ணப்பிக்கப்போகிறாள். "அங்க என்ன மாமா பேசுவாங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இந்தக் கடிதம்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரே ஒரு நாள். அரசாங்கமும் ஊழலும் பற்றிப் பேசிய நாள். வெளியே பனி, காலை எட்டு மணிக்கும் வெளிச்சம் சரியாக வரவில்லை. தங்கியிருந்த வீட்டில் கொடுத்த பழுப்புச் சீஸ் ரொட்டியை (தித்திக்கும், நம்ம ஊர் நாக்குக்குக் கொஞ்சம் பழக வேண்டும்) விழுங்கிவிட்டு ஓடினேன். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். உங்கள் ஊரில் லஞ்சத்துக்கு என்ன பெயர் என்று ஆரம்பித்தது பேச்சு. கென்யாக்காரர் "கிட்டு கிடோகோ" என்றார். சின்னதாக ஏதோ ஒன்று என்று பொருள். மெக்சிகோவில் "மோர்டிடா", அதாவது ஒரு கடி. நான் "மாமூல்" என்றதும் லெபனான் மாணவி சிரித்துவிட்டாள். அவர்கள் ஊரில் அது பேரீச்சம்பழம் வைத்த பண்டிகைப் பலகாரமாம். கடைசியில் நார்வே மாணவர் தயங்கித் தயங்கி "ஸ்மோரிங்" என்றார். எண்ணெய் போடுவது என்று அர்த்தம். பனிச்சறுக்குக் கட்டைக்குத் தடவும் மெழுகுக்கும் அதே சொல்தான். அப்புறம், "எங்களிடம் அது அதிகம் இல்லை, எங்கள் வியாதி வேண்டியவர்களுக்கு வேலை போட்டுக் கொடுப்பது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் எங்களில் ஒருவர் மடிக்கணினியில் ஊழல் குறியீட்டு வரைபடத்தைத் திறந்தார். ஊழலைக் கண்காணிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு வெளியிட்ட 2014ஆம் ஆண்டுப் படம். மதிப்பெண் கூடக்கூட ஊழல் குறைவு என்று கணக்கு. நார்வே 86 மதிப்பெண், பளிச்சென்ற மஞ்சள். இந்தியா 38, சிவப்புப் பக்கம். அதற்குப் பிறகு அந்த வட்டம் தானாகவே இரண்டாகிவிட்டது. சிவப்பு நாட்டுக்காரர்கள் கதை சொன்னோம், மஞ்சள் நாட்டுக்காரர்கள் வருத்தத்தோடு குறிப்பெடுத்தார்கள். குறை சொல்லவில்லை, கதை சொல்வதில் எங்களுக்கும் ஒரு சுகம் இருந்தது. எவன் ஊர் மோசம் என்று போட்டியே நடந்தது.

அந்தப் போட்டியில் யாருக்கும் தோன்றாத ஒரு வழக்கு இருந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2014 ஜனவரியில், நார்வேயின் உர நிறுவனமான யாரா 295 மில்லியன் குரோன் தண்டத்தொகையை ஏற்றுக்கொண்டது. லிபியாவிலும் இந்தியாவிலும் லஞ்சம் கொடுத்ததற்காக. அந்த நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நார்வே அரசுடையது. பிறகு மேலதிகாரிகள் நான்கு பேர் மீது வழக்கு நடந்தது. 2015இல் ஓஸ்லோ நீதிமன்றம் நால்வரையும் தண்டித்தது. மேல்முறையீட்டில் மூவர் விடுதலையானார்கள், ஒருவருக்கு மட்டும் ஏழாண்டு. ஊருக்குத் திரும்பித்தான் இதைப் படித்தேன். எங்கள் வீட்டு ரேழியில் யூரியா மூட்டை அடுக்கியிருக்கும், அதில் சாய்ந்துகொண்டு படித்தேன். ஒரே பணம், ஒரே குற்றம். வாங்கியவன் நாடு சிவப்பு, கொடுத்தவன் நாடு மஞ்சள். அந்தக் குறியீடு அளப்பது ஒரு நாட்டின் அரசுத்துறையில் ஊழல் எவ்வளவு என்று பிறர் நினைப்பதை. அந்த நாட்டுக் கம்பெனி வெளியூரில் போய் என்ன செய்கிறது என்பதை அது அளப்பதில்லை. அதைத் தயாரிப்பவர்களே மறைக்காத விஷயம்தான் இது. வண்ணத்தை மட்டும் பார்த்தது நாங்கள்.

சரி, யாராவை விடுங்கள். என் கதைக்கு வருகிறேன்.

உங்கள் விழாவுக்கு வர எனக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. போலீஸ் விசாரணைக்கு வந்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், அப்பாவிடம் மழை பற்றிப் பேசினார், படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே இருந்தார். "பெட்ரோல் செலவு இருக்கு, பாத்துச் செய்யுங்க" என்றார். அப்பா ஐந்நூறு ரூபாயை நான்காக மடித்து, அன்றைய தினசரிக்குள் வைத்து, "பேப்பர் படிச்சிட்டுக் குடுங்க" என்று நீட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊழல் பற்றிய விழாவுக்குப் போவதற்காக லஞ்சம்! அந்த வட்டத்தில் நான் எங்கள் நாட்டு அமைச்சர்களைப் பற்றிப் பேசினேன், அலைக்கற்றை பற்றிப் பேசினேன், இந்த ஐந்நூறை மட்டும் சொல்லவில்லை. அன்று முழுக்கப் பேசியும், "நான் கொடுத்தேன்" என்று அந்த வட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மறுபடி இந்தப் பொருளை எடுத்தால், முதல் நாள் காலையில் உங்கள் ஊரில் யார் திருடர்கள் என்று கேட்காதீர்கள். நீங்கள் கடைசியாகக் கொடுத்தது எப்போது, எவ்வளவு, எதற்குள் வைத்துக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் உடைத்துச் சொன்னால் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்த கம்பெனியை விசாரித்த அதிகாரி ஒருவரையும் கூப்பிடுங்கள். உங்கள் நாட்டில் பொருளாதார, சுற்றுச்சூழல் குற்றங்களை விசாரிக்கும் எக்கோக்ரிம் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. அவரும் அந்த வட்டத்திலேயே உட்காரட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் நாட்டில் அரசு அலுவலகத்துக்கு வரும் போகும் கடிதங்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பெயர்கூடச் சொல்லாமல் ஆவணம் கேட்கலாம் என்று அன்று யாரோ போகிறபோக்கில் சொன்னார்கள். அரைநாள் உட்காரவைத்து அதைச் செய்துகாட்டுங்கள். எங்களுக்கும் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. ஆனால் பதில் வாங்க முகவரி கொடுத்தாக வேண்டும். புனே அருகே தலேகாவில் இந்தச் சட்டத்தை வைத்து நிலமோசடிகளைத் தோண்டிய சதீஷ் ஷெட்டியை 2010 ஜனவரியில், காலை நடைக்குப் போன இடத்தில் வெட்டிக் கொன்றார்கள். பெயர் சொல்லாமல் கேட்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. எங்கள் வட்டத்தில் ஒருவர் படம் எடுக்க வேண்டாம் என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டாரே, அவருக்குத் தெரியும்.

அக்கா மகள் போன வாரம் கடவுச்சீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறாள். விசாரணைக்கு இன்னும் யாரும் வரவில்லை. அக்கா ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து டிவி மேல் வைத்திருக்கிறாள். நான் பார்த்தேன். எடு என்று இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அந்த ஐந்நூறைப் பற்றி அன்று வட்டத்தில் வாய் திறக்காத ஒருவன்