மும்தாஜுக்கு, ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்திலிருந்து

அன்புள்ள மும்தாஜ்,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? உன் பெரியவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை நன்றாக எழுதியிருப்பான், கவலைப்படாதே. கணக்கில் மட்டும் உன்னைப்போல இல்லாமல் இருந்தால் சரி.

வருடக் கடைசியில் உன் வகுப்புப் பிள்ளைகள் கொடுத்த பரிசுகளோடு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேசை கொள்ளாத பரிசுப் பொட்டலங்கள், நடுவில் நீ கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு வந்த ஒவ்வொன்றும் நீ உழைத்ததற்கு வந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் படம் வந்த அதே வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. தோழி என்பதற்காக மட்டுமில்லை, நீ டீச்சர் என்பதற்காகவும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், டீ போட்டுக்கொண்டு வந்து படி.

என் மகள் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். வகுப்பு டீச்சர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். அருமையான மனுஷி. பிள்ளைகள் அவர் பின்னாலேயே திரியும். அவருக்கு வருடக் கடைசியில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எழுந்தது. ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு சேலை என்றுதான் ஆரம்பம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு அப்பா வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்றார். இன்னொருவர் பட்டுச் சேலையாக இருக்கட்டும் என்றார். அப்புறம் கேக், போட்டோ, பெரிய வாழ்த்து அட்டை. கடைசியில் பிள்ளைக்கு 300 ரூபாய் என்று முடிவாகி, கொடுத்தவர்கள் பெயருக்கு நேரே தினமும் ஒரு டிக் விழுந்துகொண்டே வந்தது. யார் தரவில்லை என்பது குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

இது நடந்தது ஏப்ரல் மாதம், மும்தாஜ். சென்னைக்குப் போய்விட்டாலும் ஏப்ரல் என்றால் இங்கே என்ன என்று நீ மறந்திருக்க மாட்டாய். 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. நாம் படிக்கும்போது 45 நாள்தானே இருந்தது. முதலாளிமாருக்குப் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி பெயிண்ட் அடிக்கும் செலவு. பிடிக்கிற மீனில் பங்குக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பங்கே கிடையாது. குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். டீச்சருக்காக வகுப்பில் சேர்ந்த பணம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மேரி அக்காவை உனக்குத் தெரியும், கடல்பாசி எடுக்கப் போகிறவர். முன்பு நம் இருவருக்கும் சங்கு பொறுக்கித் தருவாரே, அவர்தான். அவர் புருஷன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அக்காவும் இந்த மாதங்களில் பாசிக்குப் போவதில்லை. அவர்களின் கடைசிப் பையன் என் மகள் வகுப்பு. 300 ரூபாய் கொடுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன், ஆனால் அக்கா யாரிடமும் கேட்கிற ஆள் இல்லை. கேட்க வைக்கவும் கூடாது.

கடைசி நாளன்று அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று அக்கா சொன்னார். காலையில் அவன் படகுத்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததை என் மகளே பார்த்திருக்கிறாள். ஏன்டா வரலை என்று கேட்டதற்கு, "அட்டையில என் பேரு இருக்காது" என்றானாம்.

அவன் சொன்னது நிஜம். அட்டையில் பணம் கொடுத்த பிள்ளைகளின் பெயரை மட்டும்தான் அச்சடித்திருந்தார்கள். டீச்சர் அதை வாங்கி ஒவ்வொரு பெயராக ஆசையாகப் படித்துக்கொண்டே போனார். முடித்துவிட்டு அந்தப் பையன் பெயரைச் சொல்லி, விட்டுப்போச்சா என்று கேட்டார். ஒரு பிள்ளை எழுந்து, "அவங்க வீட்ல காசு தரலை டீச்சர்" என்று சொல்லிவிட்டது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் கேட்டதைச் சொன்னது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கப்புறம் எடுத்த போட்டோ எதிலும் டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். வாங்காமல் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்றுதான் மனதில் நினைத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னதைக் கேட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. "பிள்ளைகள் முன்னாடி கையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். வேண்டாம் என்றால் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் அழும். வாங்கினால் கொடுக்காத பிள்ளை அழும். அந்த நிமிஷத்தில் நான் எதைச் செய்தாலும் யாரோ ஒரு பிள்ளை நோகும்" என்றார். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன, விலையுள்ள பொருளை இப்படி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது அவருக்கு அதற்கு மேல் ஒரு கவலை. சேலையையும் சிமிழையும் தலைமையாசிரியர் அறையில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பேச்சோடு பேச்சாக, உங்களுக்கு எதைக் கொடுத்தால் பிடிக்கும் என்று கேட்டேன். பீரோவைத் திறந்து ஒரு சார்ட் பேப்பரை எடுத்தார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மீனவர் வீட்டுப் பையன் வரைந்து கொடுத்தது. பாம்பன் பக்கமிருந்து வரிசையாகத் தீவுகள்: சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு. எந்தத் தீவுக்கு முன்னால் பவளப் பாறை இருக்கிறது, எங்கே வள்ளத்தை நிறுத்தலாம் என்றெல்லாம் அப்பாவிடம் கேட்டுக் குறித்திருக்கிறான். டீச்சர் உள்நாட்டுக்காரர், இங்கே வேலைக்கு வந்தபோது இந்தத் தீவுகளின் பெயர்கூட அவருக்குத் தெரியாதாம். இப்போது வருடா வருடம் மன்னார் வளைகுடாப் பாடத்துக்கு அந்தப் படத்தைத்தான் சுவரில் மாட்டுகிறார். அவன் மூலையில் பென்சிலால் எழுதிய பெயரை அழியாமல் இருக்க மேலே டேப் ஒட்டி வைத்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டீச்சருக்கு எதுவுமே கொடுக்கக் கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. கொடுக்க வேண்டும் என்று மனதில் தோன்றுவது நல்ல குணம், அதை வளர்க்கத்தான் வேண்டும். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில்கூட நவராத்திரிக்குப் பிள்ளைகள் கோலாட்டம் போட்டு வீடு வீடாகப் போய் வாத்தியாருக்குக் காசு வாங்கி வருவார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். அது அந்த வாத்தியாருக்குச் சம்பளம் மாதிரி. உன் உம்மா கிண்டிய தொதல் இனிப்பை நம் சாருக்குக் கொண்டுபோனோமே, அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மீதியை வகுப்புக்கே பங்கு வைத்தார். எனக்கு வந்த துண்டை நீ பிடுங்கித் தின்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றைக்கு யாரும் பட்டியல் போடவில்லை. போன வருடம் இதே பள்ளிக்கு ஊரே சேர்ந்து கல்விச் சீர் கொண்டுபோனோம். மேளத்தோடு, தட்டில் வைத்து, மின்விசிறி, நாற்காலி, புத்தகம், எவர்சில்வர் குடம் என்று. மேரி அக்கா ரெண்டு விளக்குமாறும் ஒரு பனையோலைப் பெட்டியும் கொண்டுவந்தார். வரிசையில் அவரும் தலை நிமிர்ந்துதான் நடந்தார். எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, யார் எதைக் கொடுத்தார்கள் என்று யாரும் வாசிக்கவில்லை.

பிள்ளைகளைப் பேய்க்கரும்பில் இருக்கும் கலாம் ஐயா நினைவிடத்துக்குக் கூட்டிப்போனபோது அவருடைய ஆசிரியர் கதையைச் சொன்னேன். ராமேஸ்வரம் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தினார், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். அந்தப் பையன் ஜனாதிபதியான பிறகும் மேடையில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "அப்போ நானும் டீச்சர் பேரைச் சொல்லணுமா?" என்று என் சின்னவன் கேட்டான். சொல்லுடா என்றேன்.

சரி, இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். ரொம்ப நாளாக யோசித்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த வசூலை ஏப்ரலில் யாராலும் நிறுத்த முடியாது. அம்மாக்களில் ஒருத்தி வேண்டாம் என்றால், அவள் கஞ்சம், டீச்சர் மேல் மரியாதை இல்லாதவள் என்று ஆகிவிடும். நானே இரண்டு தடவை குழுவில் எழுதிப் பார்த்தேன், யாரும் பதில்கூடப் போடவில்லை. அதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே. அப்போது யார் கையிலும் பொட்டலம் இருக்காது, சொன்னால் யாருக்கும் வலிக்காது. எனக்காக யாரும் பணம் சேர்க்க வேண்டாம், பிள்ளைக்குத் தோன்றினால் தன் கையால் ஒன்று எழுதியோ வரைந்தோ தரட்டும், தராவிட்டாலும் நல்லதே என்று டீச்சர் வாயால் வர வேண்டும். சத்துணவு ஆயாவையும் காலை உணவு சமைக்கும் அக்காவையும் அந்த எழுத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்களுக்கு யாருமே ஒரு அட்டையும் கொடுத்ததில்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவருக்கும் சம்மதம்தான், ஆனால் கூட்டத்தில் எப்படிச் சொல்வது, பரிசு கேட்கிற மாதிரியே ஆகிவிடுமே என்று தயங்குகிறார். அதனால் நீ எழுதிக் கொடு. ஒரு டீச்சர் வாயிலிருந்து வருகிற மாதிரி அரைப் பக்கம் போதும். நீ இத்தனை வருடம் வகுப்பில் நின்றவள், உனக்கு அந்தச் சொல் வரும். நானும் டீச்சரும் பார்த்து எங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறோம். முடிந்தால் உன் பள்ளியிலும் அதை இந்த வருடம் சொல்லிப் பார். உன் வகுப்பிலும் ஒரு மேரி அக்கா பையன் இருப்பான், மும்தாஜ். கட்டாயம் இருப்பான்.

மே கடைசிக்குள் அனுப்பிவிடு. சேது எக்ஸ்பிரஸில் என் தம்பி அடுத்த வாரம் சென்னை வருகிறான், அவனிடம் நெத்திலிக் கருவாடும் கருப்பட்டியும் கொடுத்து விடுகிறேன். தொதல் உன் ராத்தாவிடம் சொல்லிக் கீழக்கரையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன், இந்தத் தடவையாவது பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
வள்ளி