முனியம்மாவை யார் கொல்லலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் ஒருவர், பல பேர் சேர்ந்து ஒரே கற்பனை உலகத்தில் கதை எழுதுவதை ‘இரவல் சட்டையில் கல்யாணத்துக்குப் போவது’ என்று கிண்டல் செய்திருந்தார். அந்தச் சட்டையை நானும் போட்டவன் என்பதால் எழுதுகிறேன். மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் தமிழ் வாத்தியார் வேலை. அறிவியல் புனைகதை எல்லாம் பள்ளி விடுமுறையில்தான்.

அவர் குறுந்தொகையை ஒரு தடவை புரட்டட்டும். இருநூறுக்கும் மேற்பட்ட புலவர்கள், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து நிலம், அதே தலைவன், தலைவி, தோழி, செவிலி. அகப்பாட்டில் வருகிறவர்களுக்குப் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது, குறிஞ்சி என்றால் இன்ன பொழுது, இன்ன பூ என்பது வரைக்கும் முன்பே தீர்மானம். அதற்குள்ளேயிருந்துதானே செம்புலப் பெயல்நீர் வந்தது!

நான் எழுதியதும் அப்படி ஒரு தொகுப்பில்தான். அதன் உலகம், கடல் மட்டம் ஏறிப்போன பிறகு மிஞ்சிய இந்தியப் பெருங்கடல் தீவுகள். எழுதச் சம்மதித்ததும் முப்பது பக்கத்துக்கு விதிக்குறிப்பு வந்தது, கூடவே ஒரு வரைபடமும் எந்த ஆண்டில் என்ன நடந்தது என்ற பட்டியலும். நான் பிரா தோவை எடுத்துக்கொண்டேன். இங்கே வடகிழக்குக் கரையில் இருக்கிற ஊர், பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து அமைத்த ரேடியோ தொலைநோக்கி அங்கே இருக்கிறது. தட்டு மாதிரி இருக்காது. கிழக்கு மேற்காக இரண்டு கிலோமீட்டருக்கு ஆன்டெனா வரிசை, தெற்கே தண்டவாளத்தில் நகர்த்துகிற டிராலிகள். முனியம்மா என்ற கிழவி ஒரு ராத்திரி அதில் ஏதோ சத்தம் கேட்கிறாள் என்று கதை. எழுதி அனுப்பினால், ‘பக்கம் 11 பார்க்கவும்’ என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் ரேடியோவே வேலை செய்யாதாம்! நான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை. இரண்டு நாள் திட்டிக்கொண்டே திரிந்தேன், அப்புறம் அந்த டிராலிகள் ஞாபகம் வந்தன. முனியம்மா இப்போது தண்டவாளத்தில் தண்ணீர் பீப்பாய் தள்ளுகிறவள், அவள் தள்ளுகிற சத்தத்துக்குத்தான் ஊரே விழிக்கும். விதி குறுக்கே வந்திருக்காவிட்டால் இது எனக்குத் தோன்றியிருக்காது. இன்னொன்று, அவள் போர்ட் லூயி சந்தையில் டால் பூரி வாங்குவதாக எழுதியிருந்தேன். வேறொருவர் கதையில் அந்தச் சந்தை ஏற்கெனவே முழுகிவிட்டது, அதனால் பூரிக்காரரை மேட்டில் இருக்கிற கியூர்பிப்புக்குக் குடியேற்றினேன்.

புத்தகம் வந்தது. சன்மானம் நான்கு பிரதிகள், சரி, அதை விடுங்கள்.

என் வருத்தம் வேறு. இரண்டாம் தொகுதியில் யாரோ ஒருவர் முனியம்மாவை ஐந்தாம் பக்கத்திலேயே கொன்றுவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, புத்தகம் கைக்கு வந்த பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தொகுப்பாளர்களைக் கேட்டால், ‘உலகம் பொது, பாத்திரமும் பொது’ என்கிறார்கள். எங்கே எழுதியிருக்கிறது? முப்பது பக்கக் குறிப்பில் மழை எந்த மாதம் பெய்யும் என்றுகூட இருக்கிறது, இது மட்டும் இல்லை. ஒப்பந்தம் என்று ஒரு தாளும் கிடையாது, ‘கதை ஏற்கப்பட்டது’ என்ற மின்னஞ்சல்தான்.

1979இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஆஸ்ப்ரின், இதே போலப் பல பேரை ஒரே உலகத்தில் எழுதவைத்துத் தொகுத்த ‘தீவ்ஸ் வேர்ல்ட்’ (அது மாயாஜாலக் கதைகள், அறிவியல் இல்லை) தொகுப்பிலேயே இதற்கு வழி இருந்தது. அடுத்தவர் பாத்திரத்தை எடுத்து நடமாட விடலாம், ஆனால் சாகடிக்கக் கூடாது, குணத்தை மாற்றித் திருத்திவிடவும் கூடாது. இரண்டே வரி. தமிழில் இப்போது இப்படித் தொகுப்புகள் போட நினைக்கிறவர்கள் அந்த இரண்டு வரியையும், பாத்திரத்தை நான் வேறு கதையில் கொண்டுபோகலாமா என்பதையும், கதை கேட்கிறபோதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். புத்தகம் அச்சான பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிச்சம். உங்கள் கட்டுரையாளர் இதைப் பற்றி எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

மூன்றாம் தொகுதிக்குக் கதை கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. முனியம்மாவின் பேத்தியை வைத்து எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், அந்த இரண்டு வரி வந்தால் அனுப்புகிறேன் என்று பதில் போட்டு மூன்று வாரம் ஆகிறது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்