அந்தச் சாக்பீஸ் கோடு இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் வண்டியைக் கையில் எடுத்துவிட்டாய் என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 14 வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. நீ அனுப்பிய படத்தைத் திறந்ததும் என் கண் போனது, சேசிஸின் பின்பக்கத்தில் நீ சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்குத்தான். கேஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டில்பாரோடு எடை குறைத்த பழைய பாணி வேக வண்டியாக மாற்றப் போகிறேன், சீட்டுக்கு அடியில் நீளும் குழாயை அந்தக் கோட்டோடு அறுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சரி, செய். ஆனால் அறுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடட்டும். அதில் ஒரு 500 கிலோமீட்டராவது போய் வா. அப்புறம் ரம்பத்தை எடு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உன் வயதில் நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கும் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி கிடைத்தது. ஒரே வாரத்தில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் மாட்டினேன், சைலன்சரை மாற்றினேன், கார்புரேட்டரையும் பிரித்துக் கோத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே நின்றது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்று புரிந்தது. திறந்த ஃபில்டர் போட்டால் அப்படி ஆகும்தானே என்று, பெட்ரோலைக் கூட்ட, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினேன், இன்னொரு சைஸ் ஏற்றினேன், ஊசியை உயர்த்தினேன். நாலு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தரையைத் தேய்த்தபடி இழுத்தது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன்.

பிரித்துப் பார்த்தால், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டில், மின்சாரம் தரும் மேக்னெட் சக்கரம் இருக்கும் பக்கத்து ஆயில் சீல் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. நான் மாற்றிய எதற்கும் அந்த ரப்பர் வளையத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டதால், எந்தக் கோளாறு வண்டியோடு வந்தது, எது என் கையால் வந்தது என்று பிரித்தறிய எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

உன்னுடையதும் டூ ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் வந்துதான் மேலே போகும். அதனால் அந்த அறையில் காற்று கசியவே கூடாது. மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும், இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும், சைலன்சர் புகை தள்ளும், கியர் பெட்டியில் ஆயில் மட்டம் தானாக இறங்கும். இத்தனை வருஷம் சும்மா நின்ற வண்டியில் இந்த இரண்டு சீலையும் நல்லதா கெட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்காதே, மாற்றிவிடு. மாற்றியதும் கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ அளவு காற்று ஏற்றி, 6 நிமிடம் காத்திரு. முள் இறங்காமல் நின்றால் நிம்மதி. இறங்கினால் சோப்பு நுரையைத் தடவு, எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் ஓட்டை. கூடவே ஒன்று: அந்தப் பம்பால் அதற்கு மேல் ஏற்றாதே, நல்ல சீலே பிதுங்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், ஸ்பேனரைத் தொடுவதற்கும் முன்னால், அப்பாவிடம் போய் உட்கார். வண்டி நின்ற நாளுக்கு முந்தைய வாரம் எப்படி ஓடியது, என்ன சத்தம் வந்தது, எந்த கியர் தெறித்தது என்று கேள். தானாகப் பேசமாட்டார். கேட்டால் ஒரு சர்வீஸ் புத்தகம் சொல்லாததையெல்லாம் சொல்வார், எனக்குத் தெரியும்.

கிக்கரை இப்போதே மிதித்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் ஒரே மிதியில் உடைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவை. அப்புறம் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசை. அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும். அதில் கீறல் இருந்தால் போர் செய்ய வேண்டியிருக்கும். பல வண்டிகளுக்கு 0.25, 0.50 மி.மீ. என்று ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. பிஸ்டனை முதலில் வாங்கு, அதை அளந்து அதற்கேற்றபடி சிலிண்டரைக் குடையச் சொல்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடு. போல்ட்டுகளை எந்த மூடியிலிருந்து எடுத்தாயோ அந்த மூடியின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, அதே இடத்தில் குத்தி வை. நீளம் மாறிப் போட்டால் அலுமினியத்தில் மரை போய்விடும். உன் வண்டி ஜப்பானிய வடிவமைப்பு என்பதால் கூட்டல் குறித் திருகாணிகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனையும் சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கிக்கொள்.

டேங்க்கைப் பற்றி நீ கேட்டிருந்தாய். உள்ளே துரு பிடித்த டேங்க்கில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கும் முறையை நான் விரும்புவதில்லை. வெளியே நசுங்காவிட்டாலும் உள்ளே மூலைமுடுக்கில் துரு அப்படியே இருக்கும். டேங்க் நிறையத் தண்ணீர், அதில் சலவைச் சோடா, நடுவில் டேங்க்கைத் தொடாமல் தொங்கும் ஒரு சாதா இரும்புக் கம்பி. பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனை அந்த இரும்புக் கம்பிக்கு, நெகட்டிவ் முனை டேங்க்குக்கு. மெதுவாகத் துரு உதிர்ந்து, கம்பியில் சேறு மாதிரி படியும். இரண்டு விஷயங்களில் கவனமாக இரு. ஸ்டெயின்லெஸ் கம்பி போடவே கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். அப்புறம், இதில் ஹைட்ரஜன் கிளம்பும். வேலையை வெட்டவெளியில் வை, சார்ஜரை நிறுத்திவிட்டுத்தான் கிளிப்பைத் தொடு. கழுவியதும் உடனே உலர்த்தி, உள்ளே கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சுழற்றி விடு. ஒரு மணி நேரம் சும்மா வைத்தால்கூட மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஊதாதே. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3409 என்றால் 2009ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். அவ்வளவு பழசான டயரை, பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும், தூக்கிப் போட்டுவிடு. பெயின்ட் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. உப்புத்தாளோடு பொறுமையாக உட்கார்ந்தால் நன்றாக வரும்.

இனி உன் கோட்டுக்கு வருகிறேன். உனக்குப் பிடித்த அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று யோசி. 1950, 60களில் இங்கிலாந்து இளைஞர்கள் டிரையம்ஃப் இன்ஜினை நார்ட்டனின் ஃபெதர்பெட் சேசிஸில் ஏற்றி ட்ரைட்டன் என்று வண்டி செய்தார்கள். அந்த இன்ஜினிலிருந்து வேகத்தைக் கறக்க முடியும், அந்தச் சேசிஸ் வளைவில் நிதானமாக நிற்கும் என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. தாழ்ந்த ஹேண்டில்பார் காற்றைக் கிழிக்க. கழற்றி எறிந்தது எடை குறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. உன் வண்டியில் எது உன்னை உறுத்துகிறது என்று அந்த 500 கிலோமீட்டரில் உனக்கே தெரியும்.

அறுக்காமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இழுவை போதவில்லை என்றால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை மாற்று. முன்னால் 14, பின்னால் 42 பல் இருக்கும் வண்டியில் முன்னால் ஒரு பல் மாற்றுவது பின்னால் மூன்று பல் மாற்றுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினால் முழுசாகத் திருப்பிப் பார், விரல் டேங்க்கில் நசுங்கக் கூடாது, கேபிள் இழுபடக் கூடாது. பின்பக்க ஷாக்கை உயரமாக மாற்றினால் முன் ஃபோர்க் செங்குத்தாகும், வண்டி சட்டென்று திரும்பும். அது சிலருக்குப் பிடிக்கும், அதிவேகத்தில் பயமாகவும் இருக்கும். சைலன்சரை மட்டும் அழகுக்காகக் குட்டையாக்காதே. டூ ஸ்ட்ரோக்கில் அந்த வயிறு பெருத்த குழாய் இன்ஜினின் ஒரு பாகம். அதன் கோணமும் நீளமும்தான் வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை அலை அடித்துச் சிலிண்டருக்குள் திருப்பி அனுப்புகின்றன.

அதற்கெல்லாம் பிறகும் பின்பக்கம் அறுக்கத் தோன்றினால், படத்தை மறுபடி பார். உன் கோடு ஷாக் மாட்டும் இடத்துக்கு மிக அருகில் போகிறது. வலது குழாயையும் இடது குழாயையும் கட்டி நிற்பது அந்தப் பின்வளைவுதான். அதை எடுத்தால், உள்ளே ஒரு துண்டுக் குழாய் செருகி, புது வளைவு வைத்து, தெரிந்தவர் கையால் வெல்டிங் போட வேண்டும். பல நாடுகளில் சேசிஸைத் தொட்டால் அனுமதி வாங்க வேண்டும், அதையும் முன்பே விசாரி. வெல்டிங் போடும் இடத்தைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது. அது சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும்.

கோட்டை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வண்டி ஓடிய பிறகு அதே இடத்தில்தான் அறுக்கத் தோன்றுகிறதா என்று பார்ப்போம்.

சீட்டைத் திருப்பினால் அடித்தகட்டில் மடித்து ரிவெட் அடித்த ஒரு தகரப் பட்டை இருக்கும். உன் அப்பாவும் நானும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடித்தது. அதை எனக்காக எடுத்து வை. மேக்னெட்டைக் கழற்றும் நாளைச் சொல், சுத்தியலால் தட்டிவிடாதே. அதை இழுத்துக் கழற்றும் புல்லர் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா