ஸ்கி டூர் லீடர்களுக்கு ஒரு திறந்த மடல்: காத்து என்ன பண்ணிருக்குன்னு பாத்துட்டு கிளம்புங்க

எங்கள மாதிரி ஆளுங்கள நம்பிக்கையா மலைக்கு கூட்டிட்டு போற லீடர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன சீசன்ல ஒரு ஸ்கி டூர், அதாவது ஸ்கி மாட்டிட்டு நாமளே மலை ஏறி பனியில சறுக்கி இறங்குறது. நாலு நாளா பனி விழல, வானம் பளிச்சுன்னு இருந்துச்சு, புதுப் பனியே இல்லையே அப்புறம் பனிச்சரிவுக்கு என்ன பயம்னு லீடர் சொன்னாரு, நாங்களும் தலையாட்டிட்டு பின்னாடியே ஏறுனோம். ஆனா முந்தின ராத்திரி பூரா காத்து பிச்சு உதறியிருக்கு. காலைலயும் மேல முகட்டுல இருந்து பனி புகை மாதிரி பறந்துட்டு இருந்துச்சு, அழகா இருக்குன்னு போட்டோ எடுத்தோம், அது எங்க போயி விழுதுன்னு ஒருத்தரும் கேக்கல.

நாங்க இறங்க வேண்டிய சரிவுலதான் விழுந்துட்டு இருந்துச்சு. காத்து ஒரு பக்கத்து பனிய வாரிட்டு போயி முகட்டுக்கு மறுபக்கம் கொட்டிடும், வானத்துல இருந்து விழுற வேகத்த விட பத்து மடங்கு வேகமா கூட சேரும். பறக்கும்போதே பனித்துகள் உடைஞ்சு பொடியாயிடும், அதனால விழுந்த இடத்துல நெருங்கி இறுகி பலகை மாதிரி ஆயிடும், அடியில பிடிப்பில்லாத பனி இருந்துச்சுன்னா ஒரு ஆள் வெயிட்டே போதும் மொத்தமா நழுவ. பாக்க வழுவழுன்னு தலகாணி மாதிரி இருக்கும். நான் கம்ப குத்துனேன், காலிப் பானைய தட்டுன மாதிரி தொம்முன்னு கேட்டுச்சு. ரெண்டு எட்டு தள்ளி ஸ்கி முனையில இருந்து ஒரு விரிசல், கண்ணாடில ஓடுற மாதிரி சர்ருன்னு முன்னாடி ஓடுச்சு. அந்த இடத்துல சாய்வு கம்மி, அதனாலதான் இன்னைக்கு இத எழுதுறேன்.

இந்தப் பலகை பெரும்பாலும் 30ல இருந்து 45 டிகிரி சாய்வுலதான் நழுவும், அதாவது நமக்கு ஸ்கி பண்ண ஆசையா இருக்குற அதே சாய்வு. பனிச்சரிவுல மாட்டுனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அத கிளப்பி விட்டதே அவங்களோ அவங்க கூட வந்தவங்களோதான். புதைஞ்சவங்கள தேடி எடுக்குற பீக்கன் (சிக்னல் கருவி), ப்ரோப் (பனில குத்திப் பாக்குற நீளக் கம்பி), ஷவல் எல்லாம் எங்ககிட்டயும் இருந்துச்சு, ஆனா புதைஞ்சவங்க பொழைக்கிற வாய்ப்பு முதல் 10, 15 நிமிஷம் தாண்டுனாலே மடமடன்னு இறங்கிடும். அப்புறம் பனிச்சரிவு எச்சரிக்கைல 1ல இருந்து 5 வரைக்கும் போடுற அந்த ஆபத்து நம்பர், 5க்கு 3தானேன்னு லேசா சொல்லிடுறீங்க, சாவு நிறைய நடக்குறதே அந்த 3 போட்ட நாள்லதாங்க. அதுவும் ஒரு பெரிய ஏரியாவுக்கு மொத்தமா போடுற நம்பர், நம்ம கண்ணு முன்னாடி இருக்குற சரிவுல விடியக்காலைல காத்து எவ்ளோ கொட்டுச்சுன்னு அதுல இருக்காது.

நான் கேக்குறது இவ்ளோதான். கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வெச்சு, காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிச்சுது, எந்தச் சரிவுல பனி சேந்திருக்கும், இன்னைக்கு எத தொடவே கூடாதுன்னு வாய் விட்டு சொல்லுங்க. மேல போனதும் காத்து திசை மாறியிருந்தா மறுபடி நிறுத்தி பேசுங்க. புதுசா வந்த பொண்ணோ பையனோ எனக்கு சரியாப் படலன்னு சொன்னா முகம் சுளிக்காதீங்க, அன்னைக்கு எனக்கும் கேக்கணும்னு தோணுச்சு, லீடர் ஏதும் நெனச்சுக்குவாரோன்னு வாய மூடிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு டூருக்கு பேர் குடுத்திருக்கேன். காலைல காத்தப் பத்தி யாரும் பேசலன்னா நானே கேப்பேன், அப்ப ஒரு நிமிஷம் நின்னு பதில் சொல்லிட்டு கூட்டிட்டு போங்க.