கடைசி ரைடை மட்டும் எழுதாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஊர் கபடி அணியின் ஆட்டக் கணக்கு எழுதும் நோட்டு இந்த ஆண்டு உன் பொறுப்புக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ரைடரையும், ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னரையும் ஊரே தோளில் தூக்கும். நோட்டு எழுதுகிறவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தொண்டியில் தோற்றதையும் திருப்பாலைக்குடியில் ஜெயித்ததையும் பற்றிப் பல வருஷம் கழித்துப் பேச்சு வரும்போது, நீ எழுதியதுதான் சாட்சி.

ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தை ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று கவனித்துப் பார். "கடைசி ரைடுல அவன் போயி மாட்டிக்கிட்டான், இல்லன்னா கப்பு நமக்குத்தான்" என்பார்கள். அந்தப் பையன் ஆயுசு முழுக்க அந்த ஒரு ரைடைச் சுமக்கிறான். இது அநியாயம், கணக்கிலும் தப்பு. ஒரு ரைடுக்கு 30 விநாடி என்று வைத்தால், இருபது இருபதாக 40 நிமிடம் நடக்கும் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 80 ரைடு வரும். 28–29 என்று முடிந்த ஆட்டத்தில் அந்த ஒரு புள்ளி முதல் பாதியில் யாரும் கவனிக்காத நேரத்தில் போயிருக்கும். கார்னருக்கு உள்பக்கம் நின்று கவர் ஆடுகிறவன் அவசரப்பட்டு முன்னால் பாய்ந்திருப்பான், அல்லது ஆறு பேர் நிற்கும்போதே, போனஸ் கோட்டைத் தாண்டி ரைடர் எடுக்கும் போனஸ் புள்ளியை விட்டுக்கொடுத்திருப்போம். எந்த நிமிடத்தில் போனது என்று காட்டத்தான் உன் நோட்டு.

அதனால் ஒரு ரைடுக்கு ஒரு வரி எழுது. வரிசை எண், ரைடரின் பனியன் எண், எதிரே எத்தனை பேர், என்ன ஆனது, அதன்பின் புள்ளி எவ்வளவு. இந்த ஐந்தும் போதும். நடந்ததற்கு ஒற்றை எழுத்து வைத்துக்கொள்: தொட்டு வந்தால் 'தொ', போனஸ் 'போ', பிடிபட்டால் 'பி', புள்ளி இல்லாமல் திரும்பிய வெறும் ரைடு 'வெ', ஓர் அணி முழுக்க அவுட்டாகும் லோனா 'லோ', மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்று ரைடரைப் பிடிக்கும் சூப்பர் டேக்கிள் 'சூ'. பக்கத்துக்கு 40 வரி இருந்தால் இரண்டு பக்கத்தில் ஒரு ஆட்டம் அடங்கிவிடும். தனியாளாக எழுதாதே. ஒருவன் பார்த்துச் சொல்ல, இன்னொருவன் எழுத வேண்டும். எழுதுகிறவன் தலையை நிமிர்த்தினால் ஒரு வரி போய்விடும், அதன் பிறகு வரும் எல்லாக் கூட்டலும் பிசகும். நடுக்கோட்டுக்கு நேராக, வெறும் ரைடிலும் ரைடர் தாண்டியாக வேண்டிய பாக் கோடு இரண்டு பக்கமும் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். மைக் செட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், கமென்ட்ரி சொல்கிறவர் உற்சாகத்தில் சொன்ன புள்ளி உன் கையில் ஏறிவிடும்.

ஐந்தில் மற்ற நான்கை நடுவர் மேசையிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். பலரும் எழுதாமல் விடுவது ஆள் கணக்கு. நெருக்கமான ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. பலகையில் 20–20 என்று இருக்கும், ஊர் "சமம்" என்று கத்தும். அவர்கள் பக்கம் ஏழு பேரும் நம் பக்கம் மூன்று பேரும் நின்றால் அது சமமே இல்லை. இந்த இடத்தில் அவர்கள் ரைடர் ஒருவனைத் தொட்டுப் போகிறான், 20–21, நமக்கு இரண்டு பேர். நம் ரைடர் போய்ப் பிடிபடுகிறான், 20–22, ஒரே ஆள். அடுத்து வந்தவன் அவனையும் தொட்டுவிட்டால் ஒரு புள்ளியோடு லோனாவுக்கு இரண்டு, 20–25. மூன்றே ரைடு. மாறாக, அந்த மூன்று பேரும் முதல் ரைடரையே பிடித்திருந்தால் சூப்பர் டேக்கிள், நமக்கு இரண்டு புள்ளி, வெளியே இருந்தவர்களில் ஒருவன் உள்ளே, ஆட்டம் 22–20. தோல்வியை எழுதும்போது நம் ஆள் மூன்றாகக் குறைந்த வரிகளுக்கெல்லாம் சிவப்பில் கோடு போடு. ஆட்டம் திரும்பிய இடம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

போனஸைத் தனியாகக் குறிக்கச் சொல்வதும் இதற்காகவே. தொட்டு எடுத்த புள்ளி வெளியே இருப்பவனை உள்ளே கொண்டுவரும், போனஸ் கொண்டுவராது. மூன்று போனஸ் எடுத்த ரைடருக்கு ஊர் கைதட்டும், நம் ஆள் கணக்கு இருந்த இடத்திலேயே நிற்கும். போனஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நேரத்தில் எடுத்தான் என்பதை நோட்டு சொல்ல வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் டேப் எடுத்துக்கொண்டு மைதானத்தை அளந்துவிடு. ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு 3.75 மீட்டர், அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு, இரண்டு ஓரமும் லாபி என்கிற 1 மீட்டர் பட்டை. திருவிழாவுக்கு அவசரமாகப் போட்ட களத்தில் பாக் கோடு அரை மீட்டர் முன்னால் வந்துவிட்டால் வெறும் ரைடு சுலபமாகும், போனஸும் மலிவாகும். அங்கே எடுத்த 40 புள்ளியை வேறு களத்தில் எடுத்த 30-ஓடு ஒப்பிட்டு ஒருவனை உயர்த்திப் பேசுவது வீண். நம் கரையில் காற்று வேறு இருக்கிறது, சுண்ணாம்புக் கோட்டை இரண்டாம் பாதிக்குள் அடித்துக்கொண்டு போய்விடும். கயிறு பதித்திருந்தார்களா, மணலா, செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்த தரையா, மேட் விரிப்பா என்று தலைப்பிலேயே எழுது. மணலில் கால் புதையும், ரைடர் திரும்ப நேரம் ஆகும், கணுக்கால் பிடிக்கிறவனுக்கு அது வசதி. அதே பிடி மேட் விரிப்பில் நழுவினால் "பையன் கெட்டுப்போனான்" என்று முடிவுகட்டக் கூடாது.

வராதவர்கள் பெயரையும் எழுது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பார்கள், அணி முழுசாக இருக்கும். தடை முடிந்ததும் பாதிப் பேர் கடலில். மே மாதம் ஜெயித்த அணியும் ஜூலையில் தோற்ற அணியும் பெயரில்தான் ஒன்று. இரவெல்லாம் கடலில் கிடந்து காலையில் கரையேறி, தூங்காமல் சாயங்காலம் ஆட வந்தவன் என்றால் அதையும் ஓரத்தில் குறித்துவை. அவன் இரண்டாம் பாதியில் தளர்ந்ததற்கு மனசைக் காரணம் சொல்வார்கள், உடம்புதான் காரணம்.

சர்ச்சை வந்த இடத்தை எழுதும்போது ரொம்பக் கவனம் வேண்டும். "நடுவர் கவுத்துட்டார்" என்று எழுதினால் அது வெறும் கோபம். எந்த நிமிடம், முன்னால் புள்ளி எவ்வளவு, எந்த விதியைச் சொன்னார்கள், பின்னால் எவ்வளவு, இதை எழுது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28–28-ல் நின்றபோது, லாபிக்குள் போனவர்கள் யார் யார் அவுட் என்பதில் பழைய விதியா புதிய விதியா என்று வாதம் முற்றி ஆட்டமே நிறுத்தப்பட்டது. கடைசியில் இந்தியா 33–29. பலருக்கு ஞாபகம் இருப்பது கூச்சல் மட்டும். லாபி விதியைத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் அந்த ஆட்டம் விளங்கும்.

சமனில் முடிந்தால் என்ன செய்வார்கள் என்று கமிட்டியிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவை. முறைப்படி என்றால் அணிக்கு ஐந்து ரைடு, வரிசையை முன்பே கொடுக்க வேண்டும், பாக் கோடே போனஸ் கோடாகவும் ஆகிவிடும், அவுட்டாகி வெளியே போவதும் திரும்பி வருவதும் கிடையாது, புள்ளி மட்டும் கணக்கு. இது தெரியாமல் வழக்கமான ரைடு மாதிரி போனஸ் கோட்டைத் தேடி உள்ளே போய் மாட்டுகிறவர்கள் உண்டு. 2022 டிசம்பரில் ப்ரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் உ.பி. யோதாவுடன் 36–36 சமனாகி, டைபிரேக்கரில் 6–4 என்று தப்பித்தது. அடுத்து அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37–39. நெருக்கமான ஆட்டத்தில் தெம்பு இல்லாத அணி என்று அதைச் சொல்ல முடியுமா? ஒரே வாரத்தில் இரண்டு முடிவும் வந்தன, இரண்டையும் எழுது.

ஒரு புள்ளித் தோல்வியை "தலைவிதி" என்று மூடி வைக்காதே. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 1990 முதல் தங்கத்தை விடாத இந்திய ஆண்கள் அணி, லீக் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 23–24 என்று தோற்றது. பிறகு அரையிறுதியில் ஈரானிடம் 18–27. முதல் தோல்வியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜெயித்த ஆட்டமும் அப்படியே. 2016 உலகக்கோப்பை இறுதியில் ஈரானை 38–29 என்று வென்றதை எல்லாரும் சொல்வார்கள். இடைவேளையில் 13–18 என்று பின்தங்கி இருந்ததும், அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் 32–34 என்று தோற்றதும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வெற்றிப் பக்கத்திலும் நாம் விட்டதை எழுது, எதிரணியில் நன்றாக ஆடியவனின் எண்ணையும் எழுது.

ஸ்டேப்பிள் அடித்த நோட்டு வேண்டாம், உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாள் கழன்றுவிடும். நூல் தைத்த நீள நோட்டு வாங்கி பாலித்தீன் உறை போடு. மை பேனா வியர்வையில் ஊறும், பென்சிலோ பால்பாயிண்டோ போதும். இடைவேளையில் நடுவர் மேசைக்குப் போய் உன் புள்ளியைச் சரிபார். தோற்ற ராத்திரி நோட்டை யாரிடமும் காட்டாதே. மறுநாள் சாயங்காலம், பயிற்சிக்கு முன், கடைசி ரைடில் பிடிபட்டவனை முதலில் கூப்பிட்டு அந்தச் சிவப்புக் கோடு போட்ட வரிகளை அவனிடம் காட்டு. பிறகு மற்றவர்களிடம்.

அன்புடன்,
உன் அண்ணன்