நாயனம் கேட்ட காதுக்கு எந்தச் சாக்ஸபோன் தட்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டு சேகரிக்கத் தொடங்குவோர் முதலில் வாங்க வேண்டிய ஜாஸ் சாக்ஸபோன் ஆல்பங்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பட்டியலைப் படித்தேன். அதில் இருந்த பெயர்களில் ஒன்றுகூடத் தகுதியற்றதன்று. ஆயினும் எதை முதலில் கேட்பது, நம் கைக்கு எட்டும் எந்த அச்சை (எந்த நிறுவனம் எந்த ஆண்டு அச்சிட்ட தட்டை) வாங்குவது என்ற இரண்டும் அதில் சொல்லப்படவில்லை. அதை நம்பிச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் கோவை, ஈரோட்டு வாசகர்கள் தட்டை ஒரு முறை ஓடவிட்டு, பிறகு அலமாரியில் சாத்தி வைத்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

பட்டியலின் தலையில் இருப்பது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959-இல் பதிவுசெய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’. அதன் தலைப்புப் பாடலில் சுரக்கூட்டுகள் (‘கார்டு’ எனப்படும், சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறும் வேகத்துக்கு, உடன் வாசித்த தேர்ந்த பியானோ கலைஞர் டாமி ஃபிளானகனே தம் முறை வரும்போது தயங்குவது பதிவிலேயே கேட்கிறது. ஒரு சுருதியில் நின்று ஒரு ராகம் மெல்ல விரிவதைக் கேட்டுப் பழகிய நமக்கு, ஒவ்வோர் அடியிலும் தரையே நகரும் இந்த இசை முதல் நாளில் பிடிபடாது. கத்ரி கோபால்நாத் ஆல்டோ சாக்ஸபோனில் கமகத்தோடு வாசித்ததையோ, 1994-இல் வந்த ‘டூயட்’ படப் பாடல்களையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம் இன்னும் கூடும்.

பேரூர்த் தேர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்த நம் பகுதிக்காரர்களுக்கு, சோனி ராலின்ஸிடமிருந்து தொடங்குவதே சரி என்பது என் துணிபு. 1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவான ‘வே அவுட் வெஸ்ட்’ தட்டில் பியானோ கிடையாது. ராலின்ஸின் டெனர் சாக்ஸபோன், ரே பிரவுனின் பாஸ், ஷெல்லி மேனின் டிரம்ஸ், அவ்வளவே. பின்னால் சுரக்கூட்டுகளை நிரப்பித் தர ஆள் இல்லாததால் ஊதுகிறவர் தம் மூச்சாலேயே பாட்டின் கட்டுக்கோப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. அவர் விடும் இடைவெளிகளில் தாளக்காரர் பதில் சொல்கிறார். முதல் பாடலில் ஷெல்லி மேன் குதிரைக் குளம்படிபோலத் தட்டிக்கொண்டே வருவது சிறு குழந்தையையும் சிரிக்க வைக்கும். சென்னிமலைப் பக்கத்து நாயனக்காரர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தவர், “தவுலுக்காரருகிட்டச் சொல்லிச் சொல்லிக் கேக்கறமாட்டவே ஊதறாருங்களே” என்றார். தங்கள் கட்டுரையின் அடைமொழிகளைவிட இந்த ஒரு வாக்கியம் எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

அதற்கடுத்து, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு அரங்கில், இதேபோல் பியானோ இல்லாத மூவர் அமைப்பில் ராலின்ஸ் நிகழ்த்திய கச்சேரியின் தட்டைக் கேட்கலாம். இவற்றுக்குப் பழகிய பிறகு, பியானோவும் சேர்ந்து 1956-இல் பதிவான ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ தட்டுக்கு வரலாம். அதிலுள்ள ‘புளூ செவன்’ பதினொரு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. சின்னஞ்சிறு சொற்கட்டு ஒன்றை எடுத்து, அதை முறித்தும் நீட்டியும் தலைகீழாக்கியும் ராலின்ஸ் வளர்க்கும் முறை, ஒரே வரியில் நின்று நிரவல் செய்யும் நம் வித்வான்களின் முறைக்கு மிக நெருக்கமானது.

கோல்ட்ரேனுக்கு வரும் வழியும் உண்டு. 1961-இல் வெளியான ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ தலைப்புப் பாடலில் அவர் சொப்ரானோ சாக்ஸபோனை எடுத்து, ஏறத்தாழ பதினான்கு நிமிடங்கள், பெரும்பகுதி இரண்டே சுரக்கூட்டுகளின் மேல் நின்று வாசிக்கிறார். நாயனத்தின் கூர்மையும் ஓரளவு அதில் உண்டு. அதற்குப் பின்னரே, 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த ‘எ லவ் சுப்ரீம்’. இந்த ஆல்பத்துக்கு மட்டும் தட்டாகவே வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ஒலியன்று, உறை. இறைவனை நோக்கிக் கோல்ட்ரேன் எழுதிய கவிதை உறையின் உட்புறத்தில் அச்சாகியிருக்கிறது. நான்காவது பகுதியான ‘சாம்’ (Psalm, துதிப்பாடல்) வேறொன்றுமில்லை. அந்தக் கவிதையையே சொல்லுக்குச் சொல் அவர் சாக்ஸபோனில் ஓதுவதுதான். உறையை விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பின்தொடர்ந்தால், சாகித்தியம் தெரிந்த கீர்த்தனையை நாயனத்தில் கேட்கும்போது சொற்கள் தாமாகவே மனத்தில் ஓடுவது போன்ற அனுபவம் கிட்டும். கைபேசியில் கேட்பவர்களில் பலருக்கு அப்படியொரு கவிதை இருப்பதே தெரிவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவுக்கு பென் வெப்ஸ்டர், உற்சாகத்துக்கு டெக்ஸ்டர் கார்டனின் 1962-ஆம் ஆண்டுப் பதிவான ‘கோ’. டேவ் புரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’ தட்டில் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இயற்றி வாசிக்கும் ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது; கண்ட சாபு தெரிந்தவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கலாம். தங்கள் பட்டியலில் இரண்டாமிடம் பெற்ற ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’ இனிமையானதே எனினும், குரலும் கிதாரும் தாங்கும் அந்தத் தட்டைச் சாக்ஸபோன் தட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அச்சு விஷயத்தில் கட்டுரையாளர் முதல் அச்சைத் தேடச் சொல்வது, நம் போன்றோருக்குப் பயன்படாத அறிவுரை. புளூ நோட் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட, சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்ளியின் 1568-ஆம் எண் தட்டின் முதல் அச்சு பல ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது. உக்கடம் பழைய கடைகளில் அப்படி ஒன்று அகப்படும் என்று யாரும் ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்க வேண்டாம். அங்கே கிடைக்கும் பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகள் வேறு சுகம். 1980-களில் ஃபேண்டசி நிறுவனம் தொடங்கிய ஓ.ஜே.சி. (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) மறு அச்சு வரிசையும், புளூ நோட் 2019 முதல் வெளியிட்டுவரும் டோன் பொயட் மறு அச்சு வரிசையும் நம்பி வாங்கத்தக்கவை.

எச்சரிக்கை தேவைப்படுவது வேறிடத்தில். 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டதால், ஒலிப்பதிவின் மூலநாடாவைக் கண்ணால்கூடப் பார்க்காமல், குறுந்தகட்டிலிருந்து எடுத்துத் தட்டாக அச்சிடுவோர் அங்கே உண்டு. அவை விலையில் மலிவு, உறையில் பளபளப்பு. இணையக் கடைகளில் முதலில் கண்ணில் படுபவையும் பெரும்பாலும் அவையே. எந்த நாடாவிலிருந்து, எந்தப் பொறியாளர் அச்சுக்கான மூலத் தட்டை வெட்டினார் என்ற குறிப்பு உறையில் இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு நல்ல ஊசி ஒன்று வாங்கிக்கொள்வது மேல். மோனோவில் பதிவானதைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பழைய அச்சுகளையும் விலக்க வேண்டும். அவற்றில் சாக்ஸபோன் கிணற்றுக்குள்ளிருந்து ஒலிக்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் ஆடிக் காற்று நம் வீடுகளுக்குள் கொண்டுவரும் புழுதியைப் பற்றியும் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டுகளைப் படுக்கப்போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வைப்பதும், வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) சில துளி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்து துடைப்பதும் போதும். ஆனால் தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டுகள் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் பட்டால் கரைந்துபோகும்.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வோர் ஆல்பத்தின் பெயருக்கு அருகிலும் எந்த நிறுவனத்தின் எந்த ஆண்டு அச்சு என்பதையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.